வேனை எடுத்து வர வேண்டாம், மாமா

அன்பும் மரியாதையும் நிறைந்த பெரிய மாமாவுக்கு,

உங்கள் தங்கை மகள் எழுதுவது. நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதையும் கூட்டிச் சொல்ல மாட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கும் இடங்களைக் குறைத்தும் சொல்ல மாட்டேன். இங்கே நாங்கள் நால்வரும் நலம். அப்பாவின் தலைமுடியிலிருந்து மட்டும் சுண்ணாம்பு இன்னும் போகவில்லை. அது நோய் இல்லை என்பதால் நலத்திலேயே சேர்த்துவிட்டேன். உங்கள் நாற்றுப் பண்ணையில் செடிகள் எல்லாம் சுகமா? நாங்கள் வந்திருந்தபோது ஓர் ஓரமாக வாடிக் கிடந்ததே, அந்தக் கொடி பிழைத்துக்கொண்டதா?

விஷயத்துக்கு வருகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வேனோடு வந்து, அம்மாவையும் தம்பியையும் மழைக்காலம் வரும்வரை உங்கள் வீட்டுக்கு அழைத்துப்போவதாக ஏற்பாடு. அம்மாவின் பெட்டி கட்டி முடிந்து வாசல் கதவோரம் நிற்கிறது. போகவர எல்லோரும் அதில் இடித்துக்கொள்கிறோம். தயவுசெய்து வர வேண்டாம், மாமா. பெரியவர்களை வர வேண்டாம் என்று எழுதுவது மரியாதை இல்லை என்று எனக்குத் தெரியும். முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படுவதா வேண்டாமா என்று முடிவுசெய்யுங்கள்.

இந்த ஏற்பாட்டுக்கே காரணம் என் வாய்தான். உங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது, பொழுது சாய்ந்ததும் வாசல் படிக்கல் குளிர்ந்துபோனதைக் கையை வைத்துப் பார்த்தேன். சங்கு அன்று ஒரே தூக்கமாகத் தூங்கினான். (தம்பியைத்தான் சொல்கிறேன். ஆலைச் சங்கு மாதிரி குறித்த நேரத்தில் அழுவதால் அப்பா வைத்த பெயர், அதுவே நிலைத்துவிட்டது.) திரும்பி வரும்போது பஸ் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டே வந்தேன். வயல்கள் முடிந்து கட்டிடங்கள் தொடங்கிய இடத்திலிருந்து காற்று மெல்ல மெல்லச் சூடாகிக்கொண்டே வந்தது, யாரோ அடுப்பின் பக்கமாக நம்மைத் தள்ளிக்கொண்டு போவது போல. கண்டக்டர் கையை உள்ளே இழுக்கச் சொல்லித் திட்டினார். ஆராய்ச்சி என்று சொன்னேன், அதற்கும் திட்டினார். எங்கள் வீடு மேல்மாடி அல்லவா, வந்து சுவரைத் தொட்டால் காய்ச்சல்காரர் கன்னம் மாதிரி கொதித்தது. சூரியன் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. சங்கு முதுகெல்லாம் வேர்க்குருவோடு ஊதத் தொடங்கினான், மறுநாளும் நிறுத்தவில்லை. கீழ்த்தளத்தில் இருக்கும் வீட்டுக்கார அம்மா, பிள்ளைக்குப் பேய் பிடித்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

பள்ளி நூலகத்தில் இதைப் பற்றி ஒரு தடிப் புத்தகமே இருக்கிறது, மாமா. யாரும் எடுத்த அடையாளமே இல்லை, தாள்கள் ஒட்டியிருந்தன. இரண்டே மூச்சில் படித்தேன். எனக்கு ஒன்று புரிந்துவிட்டால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அன்றே சாப்பாட்டு நேரத்தில் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். கான்கிரீட்டும் தாரும் பகலெல்லாம் வெயிலை விழுங்கிவிட்டு, இருட்டியபிறகு ஏப்பம் விடுகின்றன. மண்ணும் இலையும் அப்படி இல்லை, உள்ளே இருக்கும் ஈரத்தை ஆவியாக விட்டுவிட்டுத் தாங்களும் குளிர்ந்து பக்கத்தில் இருப்பவரையும் குளிர்விக்கும். ஒடுக்கமான சந்துகளில் சூடு சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டு வெளியே போக வழி தெரியாமல் நிற்கும். வண்டிகளும் இயந்திரங்களும் தங்கள் பங்குக்கு வேறு சூட்டைக் கொட்டும். ஆகவேதான் ஊருக்கு வெளியே குளிரும்போதும் நகரம் மட்டும் குளிர்வதில்லை. அப்பா நடுவிலேயே எழுந்து கை கழுவப் போய்விட்டார். அம்மா மட்டும் சங்கைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கடைசிவரை கேட்டார்.

"அப்போ அண்ணன் வீடு ராத்திரியில குளிர்ந்துடும். நம்ம வீடு குளிராது. அதானே நீ சொல்றது?"

"அதேதான் அம்மா" என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் என் பேச்சை முழுதாகப் புரிந்துகொண்டாரே என்று பூரித்துப்போனேன். அம்மா போனை எடுத்து உங்களைக் கூப்பிட்டார். மீதி உங்களுக்கே தெரியும். நுணலும் தன் வாயால் கெடும் என்று பாடத்தில் படித்து நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அதன் பொருள் அன்றைக்குத்தான் விளங்கியது.

நானும் கூட வரலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பள்ளிக்கூடம் இருக்கிறது, ஆகவே நானும் அப்பாவும் இங்கேயே இருக்க வேண்டும். அப்பா சமைத்துப் போடுவதாகச் சொல்கிறார். அவர் ஏசி மெக்கானிக், எதைச் செய்தாலும் ஒரு ஸ்க்ரூ மிச்சம் வைப்பார், சமையலிலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் அது பெரிய கஷ்டம் இல்லை. உண்மையைச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருப்பதால் சொல்கிறேன். சங்கு இப்போதுதான் என் முகத்தை அடையாளம் கண்டு சிரிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். அம்மாவைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு வேறு, எனக்கென்று தனியாக ஒன்று வைத்திருக்கிறான், ஒரு பக்கமாக. மழை வருவதற்குள் அதை மறந்துவிடுவான் மாமா. அந்த வயதுக் குழந்தைகள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள் என்று அதே நூலகத்தில் வேறொரு புத்தகத்தில் படித்துவிட்டேன். படிக்காமலே இருந்திருக்கலாம்.

ஆகவே வீட்டைக் குளிரவைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஈரம் ஆவியானால் குளிரும் என்று படித்ததை நம்பி, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மொட்டை மாடி முழுக்கத் தண்ணீர் ஊற்றினேன். கால் வைக்க முடியாமல் குதித்துக் குதித்துத்தான் ஊற்றினேன். தளம் 'சுர்'ரென்று உறிஞ்சியது, எனக்கு உற்சாகம் தாங்கவில்லை, இன்னும் ஊற்றினேன். தொட்டி காலியானது எனக்குத் தெரியாது. அந்த நேரம் பார்த்துக் கீழே வீட்டுக்கார அம்மா தலை முழுக்க ஷாம்பு போட்டுக்கொண்டு குழாயைத் திறந்திருக்கிறார். நுரையோடு மாடி ஏறி வந்து, கண்ணைத் திறக்க முடியாமல், நான் நிற்கும் திசை தெரியாமல், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து நன்றாகத் திட்டினார். அவர் சொன்னதில் பாதி எழுதக்கூடியதில்லை. தளம் கொஞ்ச நேரம் குளிர்ந்தது. பிறகு ஊற்றின தண்ணீரெல்லாம் ஆவியாகி எங்கள் அறைக்குள் இறங்கி, வேர்வை காயாமல் நாங்கள் ஆவியில் வெந்தோம். சங்கு அன்று இரட்டைச் சங்காக ஊதினான்.

அடுத்து வெள்ளையடிப்பது. வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும் அல்லவா? வீட்டுக்கார அம்மாவிடம் அனுமதி கேட்கப் பயந்துகொண்டே போனேன். "தண்ணி ஊத்துறதைத் தவிர என்ன வேணா பண்ணிக்கோ, தாயே" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அப்பாவும் நானுமாகச் சுண்ணாம்பு கரைத்து அடித்தோம். பசை கலக்க வேண்டும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. காய்ந்ததும் மாவு மாதிரி காலில் ஒட்டிக்கொண்டு வீடு முழுக்க வந்தது. பிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கக்கூடாது, கம்ப்ரஸர் போய்விடும் என்று எங்களை மணிக்கொரு தரம் கண்டிப்பவர் அப்பா. மாடிப்படியிலிருந்து நேராகப் பிரிட்ஜ் வரைக்கும் போய், அங்கே வெகுநேரம் நின்ற அடையாளத்தோடு, பெரிய பெரிய வெள்ளைக் காலடிகள் இருந்தன. அம்மா அவற்றைத் துடைக்காமல் அப்படியே விட்டுவைத்தார். அப்பா அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்தார்.

பசை கலந்து மறுபடி அடித்தபிறகு தளம் பளபளவென்று நின்றது. அன்று மத்தியானமே சந்துக்கு எதிர்க் கட்டிடத்திலிருந்து பல் டாக்டர் வந்துவிட்டார். கட்டிடமே அவருடையதுதான். மேல்மாடியில் ஆஸ்பத்திரி, கீழே டியூஷன் வகுப்பும் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியும். எங்கள் மாடியின் வெளிச்சம் அவர் ஜன்னல் வழியாக நோயாளிகளின் வாய்க்குள்ளேயே விழுகிறதாம். "எல்லார் பல்லும் வெள்ளையா தெரியுது சார். கண்ணாடியைப் பாத்துட்டு, நல்லாத்தானே இருக்குன்னு எந்திரிச்சுப் போயிடுறாங்க" என்று அப்பாவிடம் முறையிட்டார். அம்மா உள்ளேயிருந்து சிரித்தார். அவர் சிரித்துப் பல நாள் ஆகியிருந்ததால் நான் அதைக் கவனித்தேன். டாக்டர் ஜன்னலுக்குத் திரை போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, போகிற போக்கில் எங்கள் அறைச் சுவரைத் தொட்டுப் பார்த்து, "பரவாயில்லையே" என்றார்.

பரவாயில்லைதான் மாமா. கூரையிலிருந்து இறங்கும் சூடு நிஜமாகவே குறைந்துவிட்டது. பகலில் அறைக்குள் இருக்க முடிந்தது. ஆனால் பொழுது சாயும் நேரம் வந்தால் எங்கிருந்தோ மறுபடியும் வெக்கை வந்து உட்கார்ந்துகொண்டது. வேர்க்குரு அப்படியே இருந்தது, பெட்டியும் அப்படியே இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அழவில்லை, ஏனென்றால் அழுகைக்கு ஏற்கனவே வீட்டில் ஒருவன் இருக்கிறான். பால்கனிக் கம்பியில் ஒரு காகிதப் பட்டையைக் கட்டி, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தேன். தெருவில் ஒரு துணிகூட அசையவில்லை. என் காகிதம் மட்டும் வீட்டுக்குள்ளே பார்த்துப் படபடவென்று அடித்துக்கொண்டது. தொட்டால் இஸ்திரி போட்ட துணி மாதிரி சூடு. எதிரே நிமிர்ந்து பார்த்தேன். டாக்டர் கட்டிடத்துச் சுவரில் மேலிருந்து கீழாக ஏசியின் அவுட்டோர் யூனிட்டுகள், பள்ளியில் வரிசையில் நிற்கிற மாதிரி, ஒவ்வொன்றும் எங்கள் பால்கனியையே பார்த்துக்கொண்டு சுற்றின. டாக்டரிடமும் டியூஷனுக்கும் கூட்டம் பொழுது சாய்ந்துதான் வரும், அப்போதுதான் எல்லாம் ஒன்றாக ஓடும். டாக்டருக்கு விடுமுறை நாள் அன்று பார்த்தேன். மேல் வரிசை ஓடவில்லை, என் காகிதமும் பாதி தொங்கிவிட்டது.

அவற்றை அங்கே மாட்டியவர் யாரென்று உங்களுக்குத் தெரியும். அப்பாவேதான். கட்டிடத்துக்குப் பின்பக்கம் இடம் இருந்தும், வேண்டுமென்றே எங்கள் வீட்டைப் பார்க்க மாட்டினார். பால்கனியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே சத்தத்தைக் கேட்டு எது பழுதாகப் போகிறது என்று சொல்லிவிடலாம் அல்லவா? "மூணாவது இருமுது", "கீழ இருக்கிறதுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு" என்று சொல்லிவிட்டு, டாக்டர் கூப்பிடும் முன்னாலேயே ஸ்பேனரோடு போய் நிற்பார். அந்தக் காதுக்காகவே அவரைப் பல இடங்களில் கூப்பிடுகிறார்கள். வேறு யார் வீட்டு அப்பாவும் இப்படி ஒரு தவறைச் செய்திருக்க முடியாது, மாமா. மற்றவர்களுக்கு இவ்வளவு தொழில் பக்தி கிடையாது.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அன்று சாப்பிடும்போது, ஏசி எப்படிக் குளிரை உண்டாக்குகிறது என்று அப்பாவிடம் ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன்.

"குளிரை யாரும் உண்டாக்க முடியாதும்மா" என்றார். தொழிலைப் பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "உள்ள இருக்கிற சூட்டை அள்ளி வெளிய கொட்டுது, அவ்வளவுதான். அது ஓடுற சூடும் சேர்ந்துக்கும்."

"வெளியன்னா எங்க?" என்று கேட்டது நான் இல்லை, அம்மா.

"வெளியதான். காத்துல."

"எந்தக் காத்துலங்க?"

அப்பா பதில் சொல்ல வாயைத் திறந்தார். அவர் கண் தானாகப் பால்கனிப் பக்கம் போயிற்று. என் காகிதம் அங்கே உள்பக்கமாகப் படபடத்துக்கொண்டிருந்தது.

"எதிர்வீட்டு அத்தனை ரூம் சூட்டையும் நம்ம வீட்டுக்கு அனுப்பி வச்சிட்டு, புள்ளைக்கு ஏன் வேர்க்குருன்னு என்கிட்ட கேக்குறீங்க" என்றார் அம்மா. குரலை உயர்த்தவே இல்லை. அதனால்தான் எல்லோருக்கும் சுட்டது.

அப்பா மீதிச் சோற்றைச் சாப்பிடவில்லை. கை கழுவிவிட்டு, கதவுக்குப் பின்னாலிருந்த ஏணியை எடுத்தார். பெட்டியில் இடித்துக்கொண்டார். "டாக்டர் இன்னும் மூடியிருக்க மாட்டாரு" என்று மட்டும் சொன்னார். டார்ச் பிடிக்க நானும் பின்னாலேயே ஓடினேன்.

டாக்டரிடம் அவர் பேசிய விதத்தைப் பார்க்க வேண்டும், மாமா. ஒடுங்கின சந்துக்குள் யூனிட்டுகள் தாங்கள் விட்ட சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டு மூச்சுத் திணறுகின்றன என்றார். மொட்டை மாடிக்கு ஏற்றி நிழல் போட்டுவிட்டால் சூடு மேலேயே போய்விடும், இயந்திரமும் நிம்மதியாக ஓடும், கரண்டும் குறையும் என்றார். டாக்டர் யோசித்துவிட்டு, "அப்படின்னா முதல்லயே அங்க வைக்காம, இந்தச் சந்துல கொண்டு வந்து மாட்டின அறிவாளி யாரு?" என்று கேட்டார்.

"நான்தான் டாக்டர்."

டாக்டர், தானும் ஒரு தடவை நல்ல பல்லைப் பிடுங்கியிருப்பதாகச் சொன்னார். அதற்குப் பிறகு இருவரும் சிநேகிதராகிவிட்டார்கள். அவர் மாடிக்கும் எங்கள் மாதிரியே வெள்ளையடித்துத் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். இந்தத் தடவை பசை கலந்தோம்.

அப்பா தினமும் வேலை முடிந்து வந்து, ஒவ்வொன்றாகக் கழற்றி, கயிறு கட்டி மேலே ஏற்றி, செப்புக் குழாயை நீட்டி மாட்டினார். மிச்சமான ஸ்க்ரூக்கள் என் பென்சில் டப்பாவில் இருக்கின்றன. எவை எதற்குரியவை என்று நான் கேட்கவில்லை. மேலே ஏற்றிய ஒவ்வொன்றுக்கும் என் காகிதப் பட்டை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. கடைசி யூனிட் ஏறிய அன்று அது அசையாமல் தொங்கிற்று. பிறகு, நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது, மெல்ல எழுந்து மறுபக்கமாக, தெருவை நோக்கித் திரும்பியது. எங்கள் வீட்டுக்குள்ளிருந்து காற்று வெளியே போனது, மாமா! (ஆச்சரியக்குறியை அளவாகப் போட வேண்டும் என்று தமிழாசிரியை சொல்லியிருக்கிறார். இந்தக் கடிதத்துக்கு இது ஒன்றுதான்.)

அன்று சங்கு ஊதவில்லை. ஊத வேண்டிய நேரம் தாண்டிப் போயும் சத்தம் இல்லை என்றதும் நாங்கள் மூவரும் பயந்துபோய்த் தொட்டிலைச் சுற்றி நின்றுகொண்டோம். வீட்டுக்கார அம்மாவும் என்ன ஆயிற்றோ என்று படியேறி வந்துவிட்டார். அவன் எங்கள் நால்வரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, என்னிடம் வந்ததும் ஒரு பக்கமாகச் சிரித்தான். முதுகைத் திருப்பிப் பார்த்தோம். வேர்க்குரு அடங்கிக்கொண்டு வருகிறது.

உங்கள் வீடு அளவுக்கு எங்கள் வீடு குளிர்ந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். சுவர் இன்னும் ஏப்பம் விடுகிறது, சின்ன ஏப்பம். நகரம் முழுக்க எத்தனையோ மாடிகள் கறுப்பாகக் கிடக்கின்றன. டாக்டர் மாடியில் ஏறி நின்று பார்த்தால் இப்போது வெள்ளையாகத் தெரிவது இரண்டே இரண்டு. ஆனால் டாக்டருக்கு அடுத்த கட்டிடத்துக்காரர் நேற்று மாடியில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு எங்கே கிடைக்கும் என்று சைகையில் கேட்டார். அப்பா சைகையிலேயே "பசை முக்கியம்" என்று சொல்லிக் காட்டியதை உங்களுக்கு எழுதிப் புரிய வைக்க முடியாது, நேரில்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே, மாமா, ஞாயிற்றுக்கிழமை வேனை எடுத்து வர வேண்டாம். அம்மா இன்னும் பெட்டியை உள்ளே எடுக்கவில்லை, அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன். நீங்கள் வந்து நின்றால் அம்மா கிளம்பிவிடுவார். நீங்களே ஏதாவது சாக்குச் சொல்லிவிடுங்கள். வேனுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னாலும் அது முழுப் பொய்யாக இருக்காது. போன தடவையே அது மேட்டில் ஏற மறுத்ததே.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் செடிகளில் பெரியவற்றுக்கு மரியாதையும் சிறியவற்றுக்கு அன்பும். உங்கள் ஆசி எப்போதும் போல எங்களுக்கு வேண்டும், வேனில் ஏற்றாமல் தபாலில் அனுப்பினால் போதும்.

உங்கள் உண்மையுள்ள மருமகள்,
நீங்கள் கேலியாகப் 'பேராசிரியை' என்று கூப்பிடுகிறவள்

பின்குறிப்பு: கடிதத்தை எழுதி முடித்து, கொஞ்சம் யோசித்து, பெரியவர்களுக்குத் தெரியாமல் அனுப்புவது உண்மைக்கு அழகில்லை என்று அம்மாவிடமே கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு அம்மா சிரித்த சிரிப்பில் சங்கு எழுந்துவிட்டான். உங்களை வர வேண்டாம் என்று அம்மா எப்போதோ சொல்லிவிட்டாராமே! (இரண்டாவது ஆச்சரியக்குறிக்குத் தமிழாசிரியை மன்னிக்க வேண்டும்.) அப்பா சோற்றை விட்டுவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனாரே, அப்போதே, நாங்கள் படி இறங்குவதற்குள், "இனிமே வர வேணாம்ணா" என்று அம்மா உங்களைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாராம். ஒரு யூனிட்கூட அப்போது மேலே ஏறவில்லை, துளி சூடுகூடக் குறையவில்லை. அப்படியென்றால் பெட்டி எதற்கு என்று கேட்டேன். "திறந்து பாரு" என்றார். உள்ளே இரண்டு கம்பளியும் ஒரு பழைய தலையணையும்தான் இருந்தன. "அதை உள்ள எடுத்து வச்சிருந்தா, உங்கப்பா ரெண்டாவது யூனிட்டோட நிறுத்தியிருப்பாரு. நீ வேற புத்தகத்தைத் தூக்கிட்டு உக்காந்திருப்ப." இதைக் கேட்டுக்கொண்டே அப்பா காலில் பெட்டி இடித்த இடத்தைத் தடவிக்கொண்டார்.

ஆகவே மேலே எழுதியது அத்தனையும் தேவையில்லாததாகிவிட்டது. வேனை எடுத்து வாருங்கள், மாமா. ஆனால் காலியாக வராதீர்கள். அப்பா யூனிட்டுகளுக்கு மேலே போட்ட தகரத்தில் கொடி படர்ந்தால் நல்லது என்று அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. டாக்டருக்கும் வேண்டுமாம். வீட்டுக்கார அம்மா, தண்ணீர் ஊற்றுவது நான் இல்லை என்றால் தமக்கும் இரண்டு தொட்டி வேண்டும் என்கிறார். முக்கியமாக அந்த வாடிப்போன கொடியைக் கொண்டு வாருங்கள். அது எங்கள் பால்கனிக்கு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எழுந்த சங்கு மறுபடி தூங்கவில்லை. பிறந்ததிலிருந்து யூனிட்டுகளின் இரைச்சலிலேயே வளர்ந்தவன், இப்போது அமைதியில் முழித்துக்கொள்கிறான். அதனால் அப்பா தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மூடின வாயோடு 'ம்ம்ம்' என்று கம்ப்ரஸர் மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறார். இப்போது மூன்றாவது யூனிட், நடுநடுவே இருமுகிறது. சங்கின் கண் சொக்குகிறது. பல்பும் சூடுதான், போதும் எழுதினது என்கிறார் அம்மா. கடைசி வரி கோணலாக இருந்தால் மன்னியுங்கள், விளக்கை அணைத்துவிட்டார்கள்.